வஸ்வாஸும் 57 ரூபாயும்



நம் மஹல்லாக்களில் ஒருவருக்கு இதயக் குழாயில் அடைப்பு என்றால் ஜமாஅத் கூடிப் பேசுகிறது. சிறுநீரகம் பழுதென்றால் ஜும்ஆவுக்குப் பின் வாசலில் துண்டு விரிக்கப்படுகிறது. அல்ஹம்துலில்லாஹ், இந்த நற்பழக்கத்தால் எத்தனையோ குடும்பங்கள் கரையேறியிருக்கின்றன. ஆனால் மனத்தில் நோய் என்றால் அந்த வீட்டின் கதவு உள்ளிருந்து சாத்தப்படுகிறது. வெளியே இருப்போரும் தட்டுவதில்லை. அந்தக் குடும்பம் எங்கே சிகிச்சை பெறுகிறது, அதற்கான பணத்தை எப்படித் திரட்டுகிறது என்று யாரும் கேட்பதில்லை. அப்படிக் கேட்கப்படாத கேள்விக்கு எங்களுக்குக் கிடைத்த விடைகளை எழுதி வைக்க விரும்புகிறோம்.

இங்கே ‘நாங்கள்’ என்பது மேலப்பாளையத்தில் பிறந்து வளர்ந்த உடன்பிறந்தார் மூவர். எழுதப்படுவது எங்கள் கடைக்குட்டித் தங்கையைப் பற்றி. அவள் அனுமதி தந்து, வாசித்துப் பார்த்து, வேண்டாம் என்று சொன்னவற்றை நீக்கிய பிறகே இது உங்களிடம் வருகிறது.

உளூவில் தொடங்கிய நோய்

இரண்டாவது குழந்தை பிறந்து மூன்று மாதம் ஆனபோது, ஃபஜ்ருக்கு உளூச் செய்யச் சென்றவள் வெகுநேரம் வெளியே வராமலிருக்கத் தொடங்கினாள். முகம் கழுவியது கூடிற்றா, முழங்கையில் நனையாத இடம் உண்டா என்ற ஐயம். மறுபடியும் முதலிலிருந்து. பாங்கு சொல்லும்போது குழாயைத் திறந்தவள், சூரியன் உதிக்கும் நேரத்திலும் அங்கேயே நின்றாள். மாடித் தொட்டியின் தண்ணீர் காலையிலேயே தீர்ந்தது. பிறகு குழந்தையின் பால்புட்டிக்கும் துணிகளுக்கும் அந்த ஐயம் பரவிற்று. கைகள் வெடித்து இரத்தம் கசிந்தன.

“அண்ணே, கழுவிட்டேன்னு எனக்கே தெரியுது. ஆனா மனசு ஒத்துக்க மாட்டேங்குது” என்றாள். இந்த நோயை இதைவிடத் தெளிவாக யாரும் விளக்கி நாங்கள் கேட்டதில்லை.

நமக்கு இதற்கு ஒரு பெயர் உண்டு: வஸ்வாஸ். எனவே வந்தவர் எல்லாரிடமும் ஒரு கருத்து இருந்தது. தக்வா மிகுந்தவள் என்றார் ஒருவர். ஜின்னின் தொல்லை என்றார் இன்னொருவர். தர்காவில் கொண்டுபோய்ச் சில மாதம் தங்க வையுங்கள் என்றும் சொன்னார்கள். அப்போது எங்கள் உம்மா 2001-ஐ நினைவூட்டினார்கள். அந்த ஆண்டு ஆகஸ்ட் 6 அன்று, நம் நாங்குநேரிப் பக்கத்து ஏர்வாடி அல்ல, இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், தர்காவை அண்டி நடந்த காப்பகம் ஒன்றில் தீப்பற்றி 28 மனநோயாளிகள் மாண்டார்கள். சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. நோயாளியைச் சங்கிலியிடுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இன்று முற்றாகத் தடை செய்கிறது. உம்மா துஆவைக் கைவிடவில்லை. ஆனால் துஆவுக்காக மகளை எங்கும் விட்டுவரவும் அவர்கள் இசையவில்லை.

மனநல மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றோம். எண்ணச் சுழற்சி நோய், சுருக்கமாக ஓ.சி.டி. என்றார் அவர். பிரசவத்தை ஒட்டி இது தலைதூக்குவது உண்டு என்றும், பக்தியுள்ளவரிடம் வணக்கத்தின் வடிவிலேயே வரும் என்றும் விளக்கினார். மாத்திரை பலன் தரச் சில வாரங்கள் ஆகும். அத்துடன் உளவியலாளரிடம் வாரந்தோறும் பயிற்சி பெற வேண்டும். பன்னிரண்டு முதல் இருபது அமர்வுகள் வரை ஆகலாம்; இடையில் விடக்கூடாது.

இது நம் முன்னோர் அறியாத செய்தியன்று. பல்க் நகரத்து அறிஞர் அபூ ஸைத் அல்பல்கீ, உடல், உள்ளம் இரண்டின் நலத்தையும் சேர்த்து ‘மஸாலிஹுல் அப்தான் வல்அன்ஃபுஸ்’ என்னும் நூலை எழுதினார். அவர் மறைந்தது பொது ஆண்டு 934-இல். அந்நூலில் வஸ்வாஸுக்கென்றே ஓர் இயல் உண்டு. உள்ளத்துக்கும் நோய் வரும், அதற்கும் மருத்துவம் தேடவேண்டும் என்பது ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே முஸ்லிம் உலகம் எழுதிவைத்த பாடம். மகன் யூசுபைப் பிரிந்து அழுத யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் துயரத்தால் வெளுத்துப் போனதைக் குர்ஆன் சொல்கிறது. அந்த நபியின் ஈமானை யாரும் குறைத்து மதிப்பிடுவதில்லை.

கணக்குப் போட்டபோது

உளவியலாளரின் கட்டணம் அமர்வுக்கு 1,000 ரூபாய். மாதம் நான்கு அமர்வுகள். மருத்துவரைப் பார்க்க 500, மாத்திரைக்கு 600. ஆக, மாதம் 5,100 ரூபாய். தங்கையின் கணவர் தம்மாமில் ஒரு கடையில் விற்பனையாளர். கடன் தவணை போக வீட்டுக்கு அனுப்புவது 15,000. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சிகிச்சைக்கே போய்விடும். நாங்கள் மூவரும் பங்கிட்டுக்கொள்ள முன்வந்தோம். சில மாதம் கொடுக்கவும் செய்தோம். ஆனால் ஒவ்வொரு வியாழக்கிழமையும் அந்த ஆயிரத்தை வாங்கிச் செல்லும்போது அவள் முகம் சுருங்குவதைக் கண்டோம். “எனக்குன்னு ஒரு வேலை வேணும். அரை நாள் போதும். அதுல ஆஸ்பத்திரிச் செலவும் அடங்கணும்” என்றாள். அவள் பி.காம். படித்தவள். கணக்கு எழுதுவதில் கெட்டிக்காரி.

முதலில் காப்பீட்டு வழிகளை ஆராய்ந்தோம். 2017 சட்டத்தின் 21-ஆம் பிரிவு, உடல்நோய்க்குக் காப்பீடு தரும் அதே அடிப்படையில் மனநோய்க்கும் தரவேண்டும் என்று நிறுவனங்களைக் கட்டாயப்படுத்துகிறது. சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ளது. ஆனால் பெரும்பாலான தனியார் பாலிசிகள் மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்ந்தால்தான் பணம் தரும். ஏற்கெனவே உள்ள நோய் என்றால் மூன்றாண்டு வரை காத்திருக்கவும் நேரும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் நல்ல திட்டம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மேற்படாத குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை துணை நிற்கிறது. கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் அட்டை பெறலாம். ஆயினும் அதுவும் அடிப்படையில் உள்நோயாளிக்கானது. தங்கையின் சிகிச்சையோ கட்டிலில் நடப்பதன்று. ஒரு நாற்காலியில் அமர்ந்து, வாரம் ஒரு மணி நேரம் நடப்பது. அதற்கு இவ்விரண்டிலும் இடமில்லை.

மீதமிருந்தவை இரண்டு வழிகள்: அரசு மருத்துவமனை, இ.எஸ்.ஐ.

ஹைகிரவுண்டுக்குப் போகலாமா?

திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி 1965 முதல் இயங்குகிறது. பாளையங்கோட்டையில் உள்ள அதன் மருத்துவமனையை நாம் ‘ஹைகிரவுண்டு’ என்போம். அங்கே மனநலப் பிரிவு உண்டு. ஆலோசனைக்கும் மாத்திரைக்கும் கட்டணமில்லை. மாவட்ட மனநலத் திட்டமும் அரசு மருத்துவமனைகள் வழியே நடைபெறுகிறது. இது எங்களுக்கு முன்பே தெரியும், உறவினர்களுக்கும் தெரியும். எனினும் பலர் தடுத்தார்கள். அங்கே நம் ஊரார் பார்ப்பார்களே, பிள்ளைகளுக்கு நாளை சம்பந்தம் பேச வேண்டாமா, மதுரைக்குக் கூட்டிச் சென்றால் தெரிந்த முகம் இருக்காதே என்றெல்லாம் சொன்னார்கள். மதுரைக்குப் போய்வரப் பேருந்துக் கட்டணம், துணைக்கு ஒருவர், ஒரு நாள் கூலி இழப்பு எல்லாம் சேர்த்துப் பார்த்தபோது செலவு இரட்டிப்பாயிற்று. மனநோய்ச் சிகிச்சைக்கு நம் குடும்பங்கள் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி மருந்துக்கோ மருத்துவருக்கோ போவதில்லை, திரைச்சீலைக்குப் போகிறது.

முடிவை அவளே எடுத்தாள். “ஹைகிரவுண்டுல நம்ம ஆளுக பார்த்தா பார்க்கட்டும். அவங்களும் எதுக்கோ வந்தவங்கதானே?” என்றாள். அன்று முதல் மாதம் ஒருமுறை மருத்துவரைப் பார்ப்பதும் மாத்திரை வாங்குவதும் அங்கேயே ஆயின. வாரந்தோறும் நடந்த பயிற்சியைப் பழைய உளவியலாளரிடமே தொடர்ந்தோம். நிலைமையைச் சொன்னபோது அவர் கட்டணத்தை 600 ஆகக் குறைத்துக்கொண்டார். கேட்டால் குறைப்பவர்கள் இருக்கிறார்கள். கேட்பதற்கு நாணப்பட வேண்டியதில்லை.

இரவில் ஐயம் முற்றி அவள் தவித்த நாட்களில் 14416 என்ற எண் கைகொடுத்தது. 2022 அக்டோபர் 10 அன்று ஒன்றிய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவை அது. கட்டணமில்லை, தமிழில் பேசலாம், எந்நேரமும் அழைக்கலாம். வெளியூரிலோ கிராமத்திலோ இருக்கும் பெண்களுக்கு இது வாசற்படி தாண்டாத முதல் கதவு.

பயிற்சி என்னவென்றால், பயப்படும் செயலைச் செய்து, அதன்பின் மனம் வற்புறுத்தும் ‘மறுபடியும் கழுவு’ என்ற கட்டளைக்கு இணங்காமல் இருப்பது. முதலில் பதற்றம் ஏறும். பொறுத்திருந்தால் தானாக இறங்கும். ஆனால் அவள் மனத்தில் பெரிய கேள்வி ஒன்று இருந்தது. இணங்காமல் எழுந்து தொழுதால் அந்தத் தொழுகை கூடுமா? உளவியலாளரால் இதற்குப் பதில் சொல்ல முடியாது. எனவே எங்களூர் ஆலிம் ஒருவரிடம் போனோம். உறுதியானது ஐயத்தால் நீங்காது என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதி என்றார் அவர். மும்முறைக்கு மேல் கழுவுவதை வரம்பு மீறல் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததையும், அவர்கள் ஒரு முத்து அளவுத் தண்ணீரில், அதாவது இரு கையளவு நீரில், உளூச் செய்ததையும் எடுத்துச் சொன்னார். ஓடும் ஆற்றங்கரையில் இருந்தாலும் உளூவில் வீண்விரயம் கூடாது என்னும் அறிவிப்பையும் கூறிவிட்டு, “நாம் தாமிரபரணிக் கரைக்காரர்கள். நமக்கே சொன்னது மாதிரி இருக்கிறது பாருங்கள்” என்று சிரித்தார். கடைசியில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்: ஒருமுறை கழுவு, ஐயம் வந்தால் பொருட்படுத்தாதே, தொழு, உன் தொழுகை கூடும். அந்தத் தாள் குழாய்க்கு மேலே இன்றும் ஒட்டப்பட்டிருக்கிறது. ஆலிமும் உளவியலாளரும் ஒருவரையொருவர் சந்தித்ததில்லை. இருவரும் சொன்னது ஒன்றாகவே இருந்தது.

அரை நாள் வேலை

மேலப்பாளையத்தில் பெண்ணுக்கு அரை நாள் வேலை என்றால் முதலில் நினைவுக்கு வருவது பீடித் தட்டு. நெசவு நலிந்த பின் நம் வீட்டுப் பெண்களின் விரல்கள்தாம் எத்தனையோ அடுப்புகளை எரிய வைத்தன. எங்கள் உம்மாவும் ஆயிரம் பீடி சுற்றி எங்களைப் படிக்க வைத்தவர்கள். பீடி சுற்றும் பெண்ணுக்கும் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்று 1966-இல் தனிச் சட்டம் வந்தது. 1976-இல் நல நிதிச் சட்டம் வந்தது. தாமிரபரணிக் கரையில் முக்கூடலில் பீடித் தொழிலாளருக்கென்று ஒன்றிய அரசின் மருத்துவமனையும் அமைந்தது. ‘வேலையும் வேண்டும், அதனோடு மருத்துவமும் வேண்டும்’ என்ற கோரிக்கை இந்தப் பள்ளத்தாக்கில் புதிதன்று. ஆனால் தங்கைக்கு வீட்டுக்குள் இருக்கும் வேலை ஆகாது. குழாய் பத்தடி தொலைவில் இருக்கும்போது தூசு படிந்த கைகளோடு அவளால் உட்கார முடியாது. ஜவுளிக்கடையில் கேட்டோம். அங்கே முழு நாளும் நிற்க வேண்டும். கடைப் பணியாளர் உட்கார இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாடு 2021-இல் சட்டம் திருத்தியிருந்தாலும், குழந்தைகளை அவ்வளவு நேரம் விட்டிருக்க இயலாது.

பின்னர் மருந்து மொத்த விற்பனை நிறுவனம் ஒன்றில் காலை 10 முதல் 2 வரை பில் போடும் வேலை அமைந்தது. சம்பளம் 7,500. இ.எஸ்.ஐ. உண்டா என்று கேட்டோம். பகுதி நேரத்துக்குக் கிடையாது என்றார் உரிமையாளர். இங்கேதான் நாங்கள் படித்து வைத்திருந்தது உதவிற்று. இ.எஸ்.ஐ. திட்டம் வேலை நேரத்தைப் பார்ப்பதில்லை, கூலியைப் பார்க்கிறது. பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் நிறுவனத்தில், மாதம் 21,000 ரூபாய் வரை கூலி பெறுவோர், தற்காலிகமானாலும் பகுதி நேரமானாலும் சேர்க்கப்பட வேண்டும். அங்கே பதினெட்டுப் பேர் வேலை பார்த்தார்கள். உரிமையாளர் சற்று யோசித்துவிட்டு, “அதுக்குப் பதிலா கையில 300 கூட்டித் தர்றேனே” என்றார். தங்கை அமைதியாக, “இ.எஸ்.ஐ.யே போதும் சார்” என்றாள். அவர் மறுக்கவில்லை. சேர்த்துவிட்டார்.

தொழிலாளியின் பங்கு 0.75 விழுக்காடு, முதலாளியின் பங்கு 3.25 விழுக்காடு. 7,500 ரூபாய்ச் சம்பளத்தில் தங்கையிடம் மாதம் பிடிக்கப்படுவது 57 ரூபாய். நிறுவனம் செலுத்துவது 244. இந்தத் தொகைக்கு அவளுக்கும் இரு குழந்தைகளுக்கும் வெளிநோயாளிச் சிகிச்சை, மருந்து, உள்நோயாளிச் சிகிச்சை எல்லாம் உண்டு. தேவைப்பட்டால் மேல்சிகிச்சைக்குப் பரிந்துரையும் கிடைக்கும். போதிய நாட்கள் பங்கு செலுத்தியிருந்தால், நோயால் வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு ஆண்டில் 91 நாள் வரை கூலியில் 70 விழுக்காடு கிடைக்கும். தீவிர மனநோய்கள் நீண்டகால நோய்ப் பட்டியலில் இருப்பதால், தகுதியுள்ளோருக்கு இந்த உதவி மேலும் நீளும். தன் நோயை அவள் நிறுவனத்திடம் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. சிகிச்சை விவரம் இரகசியமாகக் காக்கப்பட வேண்டியது என்பதை 2017 சட்டம் நோயாளியின் உரிமையாகவே வைத்திருக்கிறது.

காப்பீடு மார்க்கத்தில் கூடுமா என்று வாசகர் சிலர் கேட்கலாம். நாங்களும் கேட்டோம். வணிக நோக்கிலான காப்பீட்டைக் கூடாதென்றும், ஒருவருக்கொருவர் உதவும் கூட்டுறவு முறையைக் கூடுமென்றும் 1985 டிசம்பரில் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி முடிவு செய்தது. இ.எஸ்.ஐ. இலாபத்துக்கு நடத்தப்படுவதன்று, சட்டப்படி கட்டாயமானது, எல்லாரும் பங்கு செலுத்தி நோயுற்றவரைத் தாங்குவது. ஆகவே இதில் சேர்வதில் தடை காணவில்லை என்றார் எங்கள் ஆலிம். தனியார் பாலிசி எடுப்போர் தத்தம் ஆலிம்களிடம் தனியே கேட்டுத் தெளிவது நல்லது.

இனி நம் கையில்

இன்று அவள் உளூ நான்கு நிமிடத்தில் முடிகிறது. சில நாட்களில் பத்து நிமிடமும் ஆகிறது. மருத்துவர் சொல்லும்வரை மாத்திரை தொடரும். உளவியலாளரிடம் இப்போது மாதம் ஒருமுறை போகிறாள்; அந்த 600 ரூபாய் அவள் சம்பளத்திலிருந்து போகிறது. சென்ற ரமளானில் தராவீஹுக்கு வந்து கடைசி வரை நின்றாள்.

எங்கள் குடும்பத்துக்கு வழி கிடைத்தது. ஆனால் படித்தவர் இல்லாத வீடுகளில் இவ்வளவையும் யார் தேடிக் கண்டுபிடிப்பார்கள்? எனவே மூன்று வேண்டுகோள்கள்.

மஹல்லா நிர்வாகிகளுக்கு: பைத்துல்மாலில் மனநல ஆலோசனைக் கட்டணத்துக்கென்று ஒரு பகுதி ஒதுக்குங்கள். வறிய நோயாளி எந்த உறுப்பில் நோயுற்றாலும் வறியவரே. பெயர் வெளிவராமல் கொடுக்கும் முறையை நம் ஜகாத் நிதிகள் நன்கு அறியும்.

இமாம்களுக்கு: ஆண்டில் ஒரு ஜும்ஆ பயானாவது இதைப் பற்றி அமையட்டும். ஒவ்வொரு நோய்க்கும் மருந்தை அல்லாஹ் இறக்கியிருக்கிறான் என்ற நபிமொழியை நாம் உடலுக்கு மட்டும் ஒதுக்கிவிட வேண்டாம். 14416 என்ற எண்ணை மிம்பரிலிருந்து ஒருமுறை சொன்னால் எத்தனையோ வீடுகளுக்குள் அது போய்ச் சேரும்.

வணிகச் சகோதரர்களுக்கு: திருநெல்வேலி, பேட்டை, கடையநல்லூர், தென்காசி எங்கும் பத்துப் பேருக்கு மேல் வேலைக்கு வைத்திருக்கும் நம்மவர் கடைகள் உண்டு. அரை நாள் வேலைக்கு வரும் பெண்ணையும் இ.எஸ்.ஐ.யில் சேருங்கள். வியர்வை உலருமுன் கூலி கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. அந்தக் கூலியின் ஒரு பகுதிதான் இதுவும். உங்களுக்கு அது மாதம் ஏறத்தாழ 250 ரூபாய். அந்தப் பெண் வீட்டில் எந்த நோயை மறைத்துக்கொண்டு வேலைக்கு வருகிறாள் என்பது உங்களுக்குத் தெரியாது, அல்லாஹ்வுக்குத் தெரியும்.

உள்ளங்களைப் புரட்டுபவனான இறைவன் நோயுற்ற எல்லா உள்ளங்களுக்கும் ஷிஃபாவைத் தந்தருள்வானாக. அவர்களைத் தாங்கும் குடும்பங்களுக்குப் பொறுமையையும் பரக்கத்தையும் வழங்குவானாக. ஆமீன்.